தரக்குறியீட்டு நிறுவனத்தை நியமிப்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிதி நிறுவனங்கள் பொதுமக்களிடம் பணம் திரட்டுவதற்காக வெளியிடும் கடன் பத்திரங்களின் விளம்பரங்கள் தங்கள் நாளிதழ் உட்பட எல்லா நாளிதழ்களிலும் பக்கம் பக்கமாக வருகின்றன. வட்டி விகிதம் எவ்வளவு பெரிய எழுத்தில் இருக்கிறதோ, ஏறக்குறைய அதே அளவில் ‘டபுள் ஏ’ என்றோ ‘டபுள் ஏ பிளஸ்’ என்றோ, கடனைத் திருப்பித் தரும் திறனை மதிப்பிட்டுச் சொல்லும் ஒரு தரக்குறியீடும் அச்சாகியிருக்கும். அதைக் கொடுத்த நிறுவனத்தின் பெயர் சற்றுச் சிறிய எழுத்தில் இருக்கும். ‘இது முதலீடு செய்வதற்கான பரிந்துரை அல்ல’ என்ற வாசகம் பூதக்கண்ணாடி தேவைப்படும் எழுத்தில் இருக்கும். மதிப்பீடு செய்யும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்ததும், அதற்குக் கட்டணம் கொடுத்ததும் கடன் கேட்கும் அதே நிறுவனம்தான் என்ற செய்தியை மட்டும் நான் பார்த்த எந்த விளம்பரத்திலும் எந்த எழுத்திலும் கண்டதில்லை. அந்தச் செய்தியைப் பற்றியும், அதைச் சரிசெய்ய நம் சட்டத்திலேயே இருக்கும் ஒரு வழியைப் பற்றியும் எழுத விரும்புகிறேன்.

இது மும்பைக்காரர்களின் விவகாரம், மலைமேல் இருக்கும் நமக்கு என்ன என்று வாசகர்கள் எண்ணக்கூடும். நீலகிரியில் பணி ஓய்வுத் தொகையை வைத்துக் காலம் தள்ளும் குடும்பங்கள் மிகுதி. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள், வெலிங்டனைச் சுற்றி வீடு கட்டிக்கொண்ட முன்னாள் ராணுவத்தினர், எஸ்டேட் அலுவலகங்களில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர்கள், உதகை இந்துநகர் ஃபிலிம் தொழிற்சாலையிலிருந்து விருப்ப ஓய்வில் வெளியே வந்தவர்கள் என்று பலரும் வாழ்நாளில் ஒரே ஒரு முறை கையில் வந்த மொத்தத் தொகையை எங்கே போடுவது என்று கேட்டு வங்கிக்கு வருவார்கள். வங்கி வட்டி ஒரு சதவீதம் இறங்கினாலும் மாதச் செலவில் துண்டு விழும் குடும்பங்கள் இவை. இந்த மலையில் வங்கிக் கிளைகளில் பணியாற்றிய காலத்தில், இப்படி வந்தவர்களில் எவரும் ஒரு நிதி நிறுவனத்தின் ஐந்தொகையை எடுத்துக்கொண்டு வந்ததாக எனக்கு நினைவில்லை. முகவர் கொடுத்த துண்டுப் பிரசுரத்தை மேஜைமேல் வைத்து, “டிரிபிள் ஏ போட்டிருக்கிறது, பயமில்லைதானே சார்?” என்றுதான் கேட்டார்கள். டிரிபிள் ஏ என்பது இருப்பதிலேயே மிக உயர்ந்த தரம்.

அவர்கள் அப்படிக் கேட்டதில் பிழையில்லை. வங்கி வைப்புக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு; வங்கியல்லாத நிதி நிறுவனங்களின் வைப்புகளுக்கோ கடன் பத்திரங்களுக்கோ அந்தக் காப்பீடு கிடையாது. காப்பீடு இல்லாத இடத்தில் சாதாரண மனிதருக்குக் கைக்கு எட்டும் ஒரே அடையாளம் தரக்குறியீடுதான். அரசின் விதிகளும் அதையே நம்புகின்றன. நிதி நிறுவனம் ஒன்று பொதுமக்களிடம் வைப்பு வாங்க வேண்டுமானால், ‘டிரிபிள் பி மைனஸ்’ என்ற குறைந்தபட்சத் தரமாவது பெற்றிருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஒரு தனியார் நிறுவனத்தின் அபிப்பிராயத்தைச் சட்டமே நுழைவுச் சீட்டாக ஆக்கிவைத்திருக்கும்போது, “அது வெறும் அபிப்பிராயம்தான், பொறுப்பு முதலீட்டாளருடையது” என்று பின்னர் கைகழுவுவது நியாயமாகாது. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், மிக உயர்ந்த தரக்குறியீட்டைப் பார்த்து ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்தில் பணம் போட்டார். சில மாதங்களிலேயே அந்தக் குறியீடு படிப்படியாக இறங்கி, பணம் திருப்பித் தரப்படாத நிலையைக் குறிக்கும் ‘டி’யில் வந்து நின்றது. போட்ட பணத்தில் ஒரு பகுதிதான் அவருக்குத் திரும்பியது. தரம் இறக்கப்பட்ட செய்தி அவருக்கு எந்த வழியிலும் அறிவிக்கப்படவில்லை. இணையதளத்தில் ஆங்கிலத்தில் வெளியான அறிக்கையே போதும் என்பது ஏற்பாடு.

பச்சைத் தேயிலை போடும் சிறு விவசாயிக்கு இதன் அடிப்படைக் கோளாறை விளக்கத் தேவையில்லை. மழைக்காலத்தில் கொள்முதல் கொட்டகையில் மூட்டையைத் தராசில் ஏற்றியதும், இலையின் ஈரத்துக்கும் சாக்கின் எடைக்கும் இத்தனை கிலோ கழிவு என்று சொல்பவர் வாங்கும் தொழிற்சாலையின் ஆள். அவர் நேர்மையானவராக இருக்கலாம். பல இடங்களில் நேர்மையாகவே கணக்குப் போடுகிறார்கள். ஆனாலும் விவசாயியின் மனத்தில் சந்தேகம் தீராததற்குக் காரணம் அந்த மனிதரின் குணமல்ல, அவர் யாருடைய ஆள் என்பதே. தரக்குறியீட்டு நிறுவனங்களில் பணியாற்றும் பகுப்பாய்வாளர்கள் பெரும்பாலும் திறமையும் உழைப்பும் உள்ளவர்கள். அவர்கள் எழுதும் அறிக்கைகளை அலுவல் காரணமாகப் படித்திருக்கிறேன். நிறுவனத்தின் பலவீனங்கள் அவற்றில் ஒளிக்கப்படுவதில்லை. பத்திகளில் சொல்லப்பட்ட பலவீனத்துக்கும் தலைப்பில் கொடுக்கப்பட்ட எழுத்துக்கும் பொருத்தமில்லாமல் போவதுதான் பல வேளைகளில் நடந்தது.

தொடக்கத்தில் இத்தொழில் இப்படி இருக்கவில்லை. அமெரிக்காவில் ஜான் மூடி 1909இல் ரயில்வே கடன் பத்திரங்களுக்குத் தரம் குறித்து வெளியிட்ட புத்தகத்தை முதலீட்டாளர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். படிப்பவர் பணம் கொடுத்தார். எழுதியவர் படிப்பவருக்குக் கடமைப்பட்டிருந்தார். நகலெடுக்கும் இயந்திரங்கள் பரவி ஒருவர் வாங்கியதைப் பத்துப் பேர் பார்க்கத் தொடங்கிய காலத்தில், 1970இல் பென் சென்ட்ரல் ரயில்வே நிறுவனம் திவாலாகிச் சந்தையில் அச்சம் பரவியது. ‘எங்கள் பத்திரம் பத்திரமானது’ என்று காட்டிக்கொள்ளக் கடன் வாங்கும் நிறுவனங்களே பணம் கொடுக்க முன்வந்தன. அதன்பின் கட்டணம் வரும் திசை மாறிவிட்டது. நம் நாட்டில் 1987இல் கிரிசில் என்ற தரக்குறியீட்டு நிறுவனம் தொடங்கப்பட்டபோது மாறிப்போன அந்த முறைதான் வந்து சேர்ந்தது. பின்னர் வந்த இக்ரா, கேர் உள்ளிட்டவையும் அதையே பின்பற்றின. இன்று கிரிசிலின் பெரும்பான்மைப் பங்கு அமெரிக்கத் தரக்குறியீட்டு நிறுவனமான எஸ் அண்ட் பியிடமும், இக்ராவின் பெரும்பான்மைப் பங்கு ஜான் மூடியின் பெயரைத் தாங்கிய மூடிஸ் நிறுவனத்திடமும் இருக்கின்றன. இந்தியா ரேட்டிங்ஸ் ஃபிட்ச் குழுமத்தைச் சேர்ந்தது. ஆகவே அமெரிக்காவில் நடந்ததை வேறு யாரோ செய்ததாக எண்ணி நாம் கடந்துவிட முடியாது.

2008 நிதி நெருக்கடியையொட்டி அங்கே நடந்ததை அந்நாட்டின் நிதி நெருக்கடி விசாரணை ஆணையம் 2011இல் பதிவு செய்துள்ளது. 2006ஆம் ஆண்டில் மூடிஸ் ஒவ்வொரு வேலை நாளிலும் வீட்டு அடமானம் சார்ந்த 30 பத்திரங்களுக்கு டிரிபிள் ஏ வழங்கியது. அந்த ஆண்டு டிரிபிள் ஏ பெற்றவற்றில் 83 சதவீதம் பின்னர் தரம் இறக்கப்பட்டது. லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி 2008 செப்டம்பர் 15 அன்று திவால் மனு கொடுத்தபோதும் அதன் தரக்குறியீடு முதலீட்டுக்குத் தகுந்ததாகவே இருந்தது. அமெரிக்க அரசுடன் ஏற்பட்ட சமரசத்தின்படி எஸ் அண்ட் பி 2015இல் 137.5 கோடி டாலரும், மூடிஸ் 2017இல் 86.4 கோடி டாலரும் செலுத்தின. தொகை பெரிதாகத் தெரியும். ஆனால் கட்டண முறை மாறவில்லை.

நம் பங்குக்கு, உள்கட்டமைப்புத் திட்டங்களுக்கு நிதி திரட்டிய ஐ.எல்.அண்ட்.எஃப்.எஸ். குழுமம் இருக்கிறது. கடலூர் மாவட்டத்து அனல் மின் நிலையமும் திருப்பூரின் தண்ணீர்த் திட்டமும் அந்தக் குழுமத்தோடு தொடர்புடையவை என்பதால் தமிழ்நாட்டுக்கு அந்தப் பெயர் புதிதல்ல. 90,000 கோடி ரூபாய்க்கு மேல் கடன் வைத்திருந்த அக்குழுமத்தின் தாய் நிறுவனம் 2018 ஆகஸ்ட் தொடக்கம் வரை டிரிபிள் ஏ. செப்டம்பர் நடுவில் அது ‘டி’. இடையில் சில வாரங்கள்தாம். அக்டோபர் 1 அன்று மத்திய அரசு தலையிட்டு இயக்குநர் குழுவையே மாற்றியது. அத்தனை பெரிய கடன் சில வாரங்களில் திடீரென்று முளைத்திருக்க முடியாது. நூற்றுக்கணக்கான துணை நிறுவனங்களுக்கிடையே பணம் சுற்றிக்கொண்டிருந்ததும், நீண்ட காலத் திட்டங்களுக்குக் குறுகிய காலக் கடன் வாங்கப்பட்டதும் பல ஆண்டுகளாகக் கணக்கேடுகளில் இருந்தவையே. தொழிலாளர் சேமநல நிதி அறக்கட்டளைகள் பல அந்த டிரிபிள் ஏவை நம்பிப் பணம் போட்டிருந்தன. மதிப்பீடு செய்த இக்ரா, கேர், இந்தியா ரேட்டிங்ஸ் ஆகிய மூன்றுக்கும் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2019 டிசம்பரில் விதித்த அபராதம் தலா 25 லட்சம் ரூபாய். அடுத்த ஆண்டு அதைத் தலா 1 கோடி ரூபாயாக உயர்த்தியது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. அபராதத்தின் அளவைப் பற்றி வாதாடுவதில் எனக்கு ஆர்வமில்லை. 25 லட்சமோ 1 கோடியோ, அது தொழில் நடத்தும் செலவில் சேர்ந்துவிடும்.

செபி ஒன்றும் செய்யாமல் இருக்கிறது என்று சொல்வது பொய்யாகும். 1999இல் இயற்றப்பட்ட விதிகளுக்குப் பல திருத்தங்கள் வந்துள்ளன. ஒரு மதிப்பீட்டு நிறுவனம் இன்னொன்றில் 10 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கக் கூடாது. தரத்தை முடிவு செய்யும் குழுவில் நிர்வாக இயக்குநர் உறுப்பினராக இருக்கக் கூடாது. கட்டணம் பேசுபவர்களும் மதிப்பீடு செய்பவர்களும் வேறு வேறாக இருக்க வேண்டும். வட்டியோ அசலோ ஒரு நாள் தாமதமானாலும், ஒரு ரூபாய் குறைந்தாலும் தரத்தை ‘டி’ ஆக்கிவிட வேண்டும். கடைசியாகச் சொன்னது நல்ல கண்டிப்புதான். ஆனால் அது பணம் நின்றுபோன பின் வரும் அறிவிப்பு. ஒரு நிறுவனம் தனக்குக் கிடைத்த தரம் பிடிக்காமல் ஏற்க மறுத்தால், அந்த ஏற்கப்படாத தரத்தையும் மதிப்பீட்டு நிறுவனம் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று 2016இல் செபி உத்தரவிட்டது. இது முக்கியமான உத்தரவு. ஓரிடத்தில் ‘ஏ’ கிடைத்தால் அதை ஒதுக்கிவிட்டு ‘டபுள் ஏ’ கொடுக்கும் இன்னோர் இடத்துக்குப் போகும் வழக்கத்தை அது வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது. ஆனால் முறையான விண்ணப்பத்துக்கு முன்பே “எங்களுக்கு என்ன வரும்?” என்று வாய்மொழியாகப் பேசிப் பார்ப்பதை எந்த இணையதளமும் வெளியிடாது. மேலும் கோத்தகிரியிலோ கூடலூரிலோ இருக்கும் முதலீட்டாளர் அந்தப் பட்டியலைத் தேடிப் போகப்போவதும் இல்லை.

இந்தத் திருத்தங்கள் எல்லாம் நிறுவனத்துக்குள்ளே சுவர் எழுப்புகின்றன. வாசலில் வாடிக்கையாளராக வந்து நிற்பவர் யார் என்பதை அவை தொடவில்லை. நான்கு தெரு தள்ளி இன்னொரு மதிப்பீட்டு நிறுவனம் காத்திருக்கிறது என்பதும், கடுமை காட்டினால் இந்த ஆண்டுக் கட்டணத்தோடு இனி வரும் ஆண்டுகளின் கண்காணிப்புக் கட்டணமும் சேர்ந்து அங்கே போய்விடும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்போது, உள்ளே எத்தனை சுவர் எழுப்பினாலும் அந்த அச்சம் சுவர் தாண்டி உள்ளே வரும்.

என் கருத்து இதுதான்: கட்டணத்தைக் கடன் வாங்கும் நிறுவனமே கொடுக்கட்டும், ஆனால் மதிப்பீடு செய்பவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அதன் கையில் இருக்கக் கூடாது. இதற்கு வெளிநாட்டுப் பாடம் தேவையில்லை. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 139ஆவது பிரிவின்படி, அரசு நிறுவனங்களின் தணிக்கையாளரை நியமிப்பவர் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். ஊதியம் கொடுப்பது அந்தந்த நிறுவனம். பொதுத்துறையில் இருந்தவர்களுக்கு இது பழகிப்போன ஏற்பாடு. தணிக்கைக்கு வருபவரை “அடுத்த ஆண்டு உங்களை மாற்றிவிடுவோம்” என்று நிர்வாகம் மிரட்ட முடியாது. அதே பிரிவு, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட தனியார் நிறுவனங்களும்கூடத் தணிக்கை நிறுவனத்தைப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது என்கிறது. கணக்கைச் சரிபார்ப்பவருக்கு இருக்கும் இந்தச் சுழற்சி விதி, கணக்கை வைத்துப் பொதுமக்களுக்குத் தரம் அறிவிப்பவருக்கு இல்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம்.

நடைமுறையில் இதைச் செய்வது கடினமல்ல. பொதுமக்களிடம் பணம் திரட்டும் ஒவ்வொரு கடன் பத்திர வெளியீட்டுக்கும், ஒவ்வொரு வைப்புத் திட்டத்துக்கும், மதிப்பீட்டு நிறுவனத்தை செபி அமைக்கும் ஒரு குழு ஒதுக்கீடு செய்யட்டும். கட்டணம் வெளியீட்டின் அளவுக்கேற்ப முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டதாக இருக்கட்டும். கடன் வாங்கும் நிறுவனம் தன் விருப்பப்படி இரண்டாவது மதிப்பீடு பெற விரும்பினால் பெறட்டும். ஆனால் விளம்பரத்தில் முதலில் அச்சாக வேண்டியது ஒதுக்கீட்டின்படி கிடைத்த தரம்.

எதிர்வாதங்கள் தெரியாமல் இதை எழுதவில்லை. வேலை தானாகத் தேடி வருமென்றால் மதிப்பீட்டு நிறுவனங்கள் சோம்பிவிடும் என்பார்கள். ஒதுக்கீட்டைச் சீட்டுக் குலுக்கிப் போடச் சொல்லவில்லை. எந்தத் தரம் பெற்ற நிறுவனங்களில் எத்தனை பின்னர் தவணை தவறின என்ற புள்ளிவிவரத்தை ஒவ்வொரு மதிப்பீட்டு நிறுவனமும் வெளியிட வேண்டும் என்பது ஏற்கெனவே செபியின் விதி. அந்தப் பதிவேட்டில் நன்றாகச் செய்தவருக்குக் கூடுதல் வேலை, தவறியவருக்குக் குறைவான வேலை என்று வைத்தால், இன்று இல்லாத ஒரு போட்டி அப்போதுதான் தொடங்கும். இப்போது நடக்கும் போட்டி கடன் வாங்குபவரைத் திருப்திப்படுத்துவதற்கானது. பழைய முறைப்படி முதலீட்டாளரே கட்டணம் கொடுக்கட்டுமே என்று சிலர் சொல்வது கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் அந்த முதலீட்டாளர் நம்மூர் ஓய்வூதியர் அல்லர். பெரிய பரஸ்பர நிதிகளும் காப்பீட்டு நிறுவனங்களும்தான். கையில் ஏற்கெனவே வைத்திருக்கும் பத்திரத்தின் தரம் இறங்குவதை அவர்களும் விரும்புவதில்லை. இறங்கினால் அன்றைக்கே அவர்களுடைய நிதியின் மதிப்பு சரியும். அரசு நியமிக்கும் குழு அரசியல் அழுத்தத்துக்கு ஆளாகும் என்ற வாதம்தான் எனக்குக் கனமாகப் படுகிறது, குறிப்பாகப் பொதுத்துறை நிறுவனங்களே கடன் வாங்கும்போது. குழுவின் ஒவ்வோர் ஒதுக்கீட்டையும் காரணத்தோடு பொதுவில் வெளியிடுவதைத் தவிர அதற்கு முழு மருந்து என்னிடம் இல்லை. இருந்தாலும், எப்போதும் இருக்கும் ஓர் அழுத்தத்துக்குப் பதிலாக எப்போதாவது வரும் ஓர் அழுத்தத்தை ஏற்கலாம் என்றே நினைக்கிறேன்.

அமெரிக்காவில் இதே யோசனையை செனட்டர் அல் ஃபிராங்கன் 2010இல் சட்டத் திருத்தமாகக் கொண்டுவந்தார். செனட் சபையில் 64க்கு 35 என்ற வாக்குகளில் அது நிறைவேறியது. இறுதிச் சட்டத்தில் ‘முதலில் ஆய்வு செய்யலாம்’ என்ற அளவுக்கு அது சுருங்கியது. ஆய்வு நடந்தது, ஒதுக்கீடு நடக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் வேறு வழியில் சென்றது. வேண்டுமென்றோ மிகுந்த அலட்சியத்தாலோ விதிகளை மீறித் தரம் வழங்கி இழப்பு ஏற்படுத்திய நிறுவனத்தின்மீது முதலீட்டாளர் நஷ்ட ஈட்டு வழக்குத் தொடரலாம் என்று விதி செய்தது. அதுவும் இங்கே வர வேண்டியதே. ஆனால் வழக்கு நடத்தும் வசதி யாருக்கு இருக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும்.

வங்கிக் கடன்களுக்கான மதிப்பீட்டையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பயனாளி இருக்கிறார். வங்கிகள் இழப்பைத் தாங்க எவ்வளவு மூலதனம் வைத்திருக்க வேண்டும் என்று சொல்லும் பேசல் விதிகளின்படி, ஒரு நிறுவனத்துக்கு 100 கோடி ரூபாய் கடன் கொடுக்கும் வங்கி, அந்த நிறுவனம் டிரிபிள் ஏ என்றால் 20 சதவீத இடர் எடையும், டிரிபிள் பி என்றால் 100 சதவீத இடர் எடையும் கணக்கிடுகிறது; அதாவது கடனில் அத்தனை சதவீதத்துக்கு மட்டும் மூலதனம் ஒதுக்கினால் போதும். குறைந்தபட்ச மூலதன விகிதம் 9 சதவீதம். ஆக முதலாவதற்கு வங்கி ஒதுக்க வேண்டிய மூலதனம் 1 கோடியே 80 லட்சம், இரண்டாவதற்கு 9 கோடி. கடன் வாங்குபவருக்கு வட்டி குறைகிறது, கடன் கொடுப்பவருக்கு மூலதனம் மிச்சமாகிறது, மதிப்பீடு செய்பவருக்குக் கட்டணம் கிடைக்கிறது. தரம் உயர்ந்திருப்பதில் மூவருக்கும் லாபம் இருக்கையில் “இது சரியா?” என்று கேட்பதற்கு மேஜையைச் சுற்றி ஆளே இல்லை. இழப்பு வரும்போது அந்த வங்கியில் பணம் போட்டவர்களும், பொதுத்துறை வங்கியென்றால் வரி கட்டுபவர்களும் நினைவுக்கு வருகிறார்கள். நம் மாவட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலைகள் போன்ற சிறு தொழில்களின் நிலை இதற்கு நேர்மாறு. பேரம் பேசும் பலம் இல்லாத அவர்கள் கட்டணத்தையோ விவரங்களையோ உரிய காலத்தில் கொடுக்கத் தவறினால், ‘ஒத்துழைக்கவில்லை’ என்ற முத்திரையோடு தரம் இறங்கிவிடுகிறது. பெரிய கடன்காரரிடம் நீளும் பொறுமை சிறியவரிடம் நீளுவதில்லை.

இப்பொருள் நாடாளுமன்றத்துக்கும் புதியதல்ல. ஐ.எல்.அண்ட்.எஃப்.எஸ். சரிவுக்குப் பின், நிதித்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2019 பிப்ரவரியில் அளித்த அறிக்கையில், மதிப்பீட்டு நிறுவனங்களைக் கட்டாயச் சுழற்சியில் மாற்றுவதையும், கட்டணத்துக்கு மாற்று முறைகளையும் பரிசீலிக்கச் சொன்னது. நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் அந்தப் பரிந்துரைகளின் மீது இதுவரை எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன என்று நிதியமைச்சரிடம் எழுத்துமூலம் கேட்க வேண்டும் என்று இக்கடிதத்தின் வழியே கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு கோரிக்கை உண்டு. விளம்பர வருவாய் இல்லாமல் நாளிதழ் நடத்த முடியாது என்பதும், யாரிடம் பணம் வாங்குகிறோமோ அவரைப் பற்றி எழுதுவது எவ்வளவு சங்கடமானது என்பதும் தங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆயினும், கடன் பத்திர விளம்பரங்களை ஏற்கும்போது, அந்த நிறுவனம் ஏற்க மறுத்த தரக்குறியீடு ஏதேனும் இருந்தால் அதையும், கடந்த மூன்று ஆண்டுகளில் அதன் தரம் எப்படி மாறியது என்பதையும், மதிப்பீட்டுக் கட்டணத்தைக் கொடுத்தவர் யார் என்பதையும், வட்டி விகிதத்துக்குப் பயன்படும் அதே எழுத்தளவில் தமிழில் அச்சிட வேண்டும் என்ற நிபந்தனையைத் தாங்களே விதிக்கலாம். அதற்கு செபியின் உத்தரவு தேவையில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.